சபைக்குச் சிறுவர் ஊழியர் வேண்டும்: யாரை எடுப்பது?

கேள்வி:

அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தோத்திரம். மயிலாடுதுறைக்கும் தரங்கம்பாடிக்கும் நடுவில் இருக்கும் ஒரு சபையில் கமிட்டிச் செயலாளராக இருக்கிறேன். தாய்ச்சபை ஒன்று, கிளைச்சபை மூன்று. நாலு இடத்திலும் சேர்த்து ஞாயிறு பள்ளிக்கு 90 பிள்ளைகள் வரை வருகிறார்கள். ஆயர் ஒருவரால் பார்த்துக்கொள்ள முடியவில்லை. அதனால் ஒரு சிறுவர் ஊழியரை நியமிக்கலாம் என்று பேசியிருக்கிறோம். இரண்டு பேர் விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் 26 வயதுத் தம்பி. இறையியல் பட்டம் பெற்றவர். கிட்டார் வாசிப்பார், மேடையில் நன்றாகப் பேசுவார். முன்பு வேறு ஊரில் ஒரு சபையில் ஒரு வருடம் இருந்தார். ஏன் அங்கிருந்து வந்தார் என்று கேட்டால் சரியான பதில் இல்லை. இன்னொருவர் எங்கள் சபைச் சகோதரி. 40 வயது. ஆரம்பப் பள்ளி ஆசிரியர் பயிற்சி முடித்துத் தனியார் பள்ளியில் வேலை பார்த்தவர். பல வருடமாக ஞாயிறு பள்ளி எடுக்கிறார். இறையியல் படிக்கவில்லை. கமிட்டியில் பாதிப் பேர் படித்தவரைத்தான் எடுக்க வேண்டும் என்கிறார்கள். பாட்டும் கதையும் சொல்லிக்கொடுக்கச் சம்பளத்துக்கு ஆள் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். ஒருவர், பெண்பிள்ளை கிளைச்சபைக்கெல்லாம் எப்படிப் போய்வரும் என்றார். மாதம் 8,000 ரூபாய் தரலாம் என்று பேச்சு. சிறுவர் ஊழியருக்கு உண்மையில் என்ன வேலை? என்ன தகுதி பார்க்க வேண்டும்? யாரை எடுப்பது?

பதில்:

அன்புள்ள ஐயாவுக்கு ஸ்தோத்திரம்.

ஆளைத் தீர்மானிப்பதற்கு முன்னால் வேலையைத் தீர்மானியுங்கள். உங்கள் கடிதத்தில் கிட்டார் வருகிறது, பட்டம் வருகிறது, சம்பளம் வருகிறது. திங்கள் முதல் சனி வரை அந்த ஊழியர் என்ன செய்வார் என்பது மட்டும் வரவில்லை. கமிட்டியில் ஒத்துப்போகாததற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஒவ்வொருவர் மனதிலும் ஒரு வேலை இருக்கிறது. அவரவர் மனதில் இருக்கும் வேலைக்கு ஏற்ற ஆளை அவரவர் கேட்கிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறுவர் ஊழியரின் வேலையில் பெரும்பகுதி பெரியவர்களோடுதான். உங்கள் சபைக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். நாலு ஊரிலும் ஞாயிறு காலையில் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் வகுப்பு நடக்கும். ஒரு மனிதர் ஒரே நேரத்தில் நாலு ஊரில் நிற்க முடியாது. எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் அவர் பாட்டுச் சொல்லிக்கொடுப்பது ஒரு ஊருக்குத்தான். மற்ற மூன்று ஊரில் வகுப்பெடுப்பது யார்? பிளஸ் டூ படிக்கும் பெண், கல்லூரிக்குப் போகும் பையன், இரண்டு மூன்று தாய்மார்கள். அவர்களைத் தேடிப் பிடித்து, பயிற்சி கொடுத்து, பாதியில் விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் நீங்கள் சம்பளம் கொடுத்துச் செய்விக்க வேண்டிய வேலை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒரு பிள்ளை வாரத்தில் ஞாயிறு பள்ளியில் இருப்பது மிஞ்சிப் போனால் ஒன்றரை மணி நேரம். மீதி நேரமெல்லாம் வீடு, பள்ளிக்கூடம், தெரு. வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடு என்று உபாகமம் ஆறாம் அதிகாரம் பெற்றோரிடம்தான் சொல்கிறது. அந்தப் பொறுப்பைப் பெற்றோர் கையிலிருந்து வாங்கிக்கொள்ளும் ஊழியர் சபைக்கு நல்லது செய்யவில்லை. பெற்றோருக்கு அதைச் செய்யத் தைரியம் கொடுக்கிறவர்தான் வேண்டும்.

நம் பக்கத்தில் பெற்றோர் என்றால் பல வீட்டில் தாத்தா பாட்டிதான். அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பார், இல்லாவிட்டால் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பார். அம்மா நடவுக்கோ களையெடுப்புக்கோ விடிவதற்குள் போய்விடுவார். பிள்ளைக்குத் தலைவாரிக் கோயிலுக்கு அனுப்புவது அப்பாயியோ அம்மாச்சியோதான். அதனால் பெற்றோர் கூட்டம் என்று அறிவிக்கும்போது அவர்களையும் பேர் சொல்லிக் கூப்பிடும் ஊழியர் வேண்டும். தன் இளம் உடன் ஊழியன் தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றிப் பேசும்போது அப்போஸ்தலர் பவுல் முதலில் சொல்வது அவனுடைய பாட்டி லோவிசாளை. அப்புறம்தான் தாய் ஐனிக்கேயாள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி ராத்திரி படுக்கும்போது சொல்லும் ஜெபம், நாம் அச்சடித்துக் கொடுக்கும் வண்ணப் புத்தகத்தைவிடப் பிள்ளை மனதில் அதிக நாள் நிற்கும்.

சரி, வாரம் எப்படி ஓடும் என்று கேட்பீர்கள். திங்கட்கிழமை வருகைப் பதிவைப் பார்க்க வேண்டும். தொடர்ந்து இரண்டு ஞாயிறு வராத பிள்ளை யார்? அந்த வீட்டுக்கு அந்த வாரமே போக வேண்டும். நடவுக் காலத்தில் பகலில் போனால் வீட்டில் ஆள் இருக்காது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் சரிப்படும். வாரத்தின் நடுவில் பாடம் தயாரிப்பு. ஒரே பாடத்தை நாலு வயதுப் பிள்ளைக்கு ஒரு மாதிரி, எட்டு வயதுக்கு ஒரு மாதிரி, பன்னிரண்டு வயதுக்கு ஒரு மாதிரி எழுதிக் கிளைச்சபை ஆசிரியர்களுக்கு அனுப்ப வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் ஆசிரியர்களை உட்காரவைத்து மறுநாள் பாடத்தைப் பேசிப் பார்க்க வேண்டும். இந்தச் சனிக்கிழமைக் கூட்டம் ஒன்று ஒழுங்காக நடந்தாலே ஞாயிறு பள்ளியின் பாதிப் பிரச்சினை தீரும். பல சபைகளில் ஆசிரியர் சைக்கிளில் வரும் வழியில்தான் இன்றைக்கு என்ன கதை சொல்லலாம் என்று யோசிக்கிறார். அவர் மேல் தப்பில்லை, அவருக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வாரம் ஒரு கிளைச்சபை என்று சுற்றிப் போய், பின்னால் உட்கார்ந்து கவனித்து, அப்புறம் அந்த ஆசிரியரிடம் தனியாக இரண்டு நல்ல வார்த்தையும் ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும்.

வருடத் திட்டத்தையும் நம் ஊருக்கேற்பப் போடத் தெரிந்தவராக இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கிளைச்சபைப் பாதை சேறாகிவிடும். அந்த இரண்டு மாதத்தில் போட்டி, தேர்வு என்று வைத்தால் ரோட்டோரத்து வீட்டுப் பிள்ளைகள்தான் ஜெயிப்பார்கள். தை அறுவடை முடிந்த பிறகு பிள்ளைகளும் பெற்றோரும் கொஞ்சம் ஓய்வாக இருப்பார்கள். மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியைக் காலை பதினோரு மணிக்குள் முடித்துவிட வேண்டும். இதெல்லாம் எந்தக் கல்லூரியிலும் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள்.

இப்போது இறையியல் படிப்புக்கு வருகிறேன். அது தேவையில்லை என்று நான் சொல்ல மாட்டேன். எதற்குத் தேவை என்பதில்தான் கமிட்டிக்குத் தெளிவு வேண்டும். 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குச் சிறுபிள்ளையாக இருந்தவர்கள் இன்றைக்கு உங்கள் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் அப்பா அம்மா. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது வேதாரண்யம் பக்கத்துப் பிள்ளைகள் ஒரே ராத்திரியில் தென்னந்தோப்பும் வீடும் போனதைப் பார்த்தார்கள். கடலோரத்துப் பிள்ளை ஒன்று எழுந்து நின்று, "கடவுள் ஏன் அப்படிச் செய்தார்?" என்று கேட்டால் ஊழியர் என்ன சொல்வார்? "பாவத்துக்குத் தண்டனை" என்று சொல்கிறவரை நான் ஒரு நாளும் பிள்ளைகள் முன்னால் நிறுத்த மாட்டேன், அவரிடம் எத்தனை பட்டம் இருந்தாலும் சரி. செத்துப்போன தாத்தாவையும் பக்கத்து வீட்டுத் தங்கச்சியையும் நினைத்துக்கொண்டு கேட்கும் பிள்ளை அது. "எனக்கும் அதற்குப் பதில் தெரியாது. லாசரு இறந்தபோது இயேசு அழுதார், அது தெரியும்" என்று சொல்லி அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்காரத் தெரிய வேண்டும். அதற்கு வேதத்தை முழுசாகப் படித்திருக்க வேண்டும், கடினமான பகுதிகளைத் தாண்டி ஓடாமல் நின்று யோசித்திருக்க வேண்டும். இறையியல் படிப்பு அந்த நிதானத்தைத் தந்திருந்தால் அது தகுதி. சொற்களை மட்டும் தந்திருந்தால் பிள்ளைகளுக்கு அதனால் பயன் இல்லை.

பிள்ளைகளின் மனம் எந்த வயதில் எப்படி வேலை செய்யும் என்ற அறிவும் இதே அளவுக்கு முக்கியம். ஏழு வயது வரை பிள்ளைகள் நாம் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். "இயேசு உன் இருதயத்துக்குள்ளே வருவார்" என்றால், இவ்வளவு பெரியவர் எப்படி உள்ளே போவார் என்று ஐந்து வயதுப் பிள்ளை நிஜமாகவே கவலைப்படும். நரக நெருப்பைப் படம் வரைந்து காட்டினால் ராத்திரி தூங்காது. விடுமுறைப் பள்ளியின் கடைசி நாளில் "யாரெல்லாம் ஒப்புக்கொடுக்கிறீர்கள், கையைத் தூக்குங்கள்" என்று கேட்டு, தூக்கிய கைகளை எண்ணி அறிக்கையில் எழுதும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. பக்கத்துப் பிள்ளை தூக்கியதால் இதுவும் தூக்கும். பயத்தினாலும் கூட்டத்தினாலும் வாங்கிய சம்மதம் பிள்ளைக்கு எந்த வேரையும் தராது.

அதேபோல, கறுப்பு அட்டையைக் காட்டி இது பாவ இருதயம், வெள்ளை அட்டையைக் காட்டி இது பரிசுத்த இருதயம் என்று சொல்லிக்கொடுப்பது இன்றும் பல இடங்களில் நடக்கிறது. நாள் முழுக்க வயலில் வெயிலில் நிற்கும் அம்மாவின் நிறம், தன் கையின் நிறம், பாவத்தின் நிறம் என்று ஒரு பிள்ளை மனதில் பதிந்தால் அதை யார் எடுப்பது? புதிதாக வருகிற ஊழியர் இந்த அட்டையை முதல் நாளே அலமாரியில் பூட்டினால் எனக்குச் சந்தோஷம். கிறிஸ்துமஸ் நாடகத்தில் யாருக்கு மரியாள் வேடம், யாருக்கு ஆட்டிடையன் வேடம் என்று பாருங்கள். வருடா வருடம் ஒரே தெருவிலிருந்துதான் மரியாள் வருகிறாள் என்றால் பிள்ளைகள் அதை எப்போதோ கவனித்திருப்பார்கள்.

தெரு என்ற பேச்சு வந்துவிட்டது, நேராகவே சொல்கிறேன். நம் சபைகளுக்குள்ளும் சாதி இருக்கிறது. சிறுவர் ஊழியர் எல்லாத் தெருவுக்கும் போக வேண்டியவர். எந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார், எந்த வீட்டில் "இப்பத்தான் குடிச்சேன்" என்கிறார் என்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். விண்ணப்பித்த இருவரைப் பற்றியும் கமிட்டி விசாரிக்க வேண்டிய முதல் விஷயங்களில் இது ஒன்று. இதில் தடுமாறுகிறவருக்கு வேறு எந்தத் தகுதி இருந்தும் பிரயோஜனம் இல்லை.

அடுத்தது பாதுகாப்பு. இதில் கொஞ்சம் நீளமாகப் பேசப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தம்பி பழைய சபையிலிருந்து ஏன் வந்தார் என்பது தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது தெரியாமல் அவருக்கு நியமனக் கடிதம் கொடுக்கக் கூடாது. அவர் மேல் சந்தேகம் என்று நான் சொல்லவில்லை. சம்பளம் சரியாக வராமல் இருந்திருக்கலாம், ஆயரோடு மனத்தாங்கல் இருந்திருக்கலாம். ஆனால் பிள்ளைகளோடு வேலை செய்ய வருகிறவரைப் பற்றி "இருக்கலாம்" என்று விட்டுவிட முடியாது. அந்தச் சபையின் ஆயரிடமும், அங்கே ஞாயிறு பள்ளி எடுக்கும் ஒரு ஆசிரியரிடமும், ஒரு பெற்றோரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். "உங்கள் பிள்ளையை மறுபடியும் இவர் பொறுப்பில் விடுவீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் கவனியுங்கள். காவல்துறை நன்னடத்தைச் சரிபார்ப்புச் சான்றும் வாங்குங்கள். இதையெல்லாம் உங்கள் சபைச் சகோதரி விஷயத்திலும் செய்ய வேண்டும். நம் சபைக்காரர், சின்ன வயதிலிருந்து தெரியும் என்று விலக்குக் கொடுத்தால் விதி என்று ஒன்று இருக்காது.

நியமனத்துக்கு முன்பே கமிட்டி சில விதிகளை எழுதி நிறைவேற்ற வேண்டும். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. எப்போதும் இரண்டு பெரியவர்கள், அதுவும் ஒரே குடும்பத்தைச் சேராதவர்கள். ஆயருக்கும் இது பொருந்தும், கமிட்டி உறுப்பினருக்கும் பொருந்தும். வகுப்பு நடக்கும்போது கதவு திறந்திருக்க வேண்டும். சிறுபிள்ளையைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போவது யார் என்பது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். ஊழியர் பிள்ளைகளோடு போனில் தனியாகச் செய்தி அனுப்பக் கூடாது; எதுவானாலும் பெற்றோர் எண்ணுக்கோ பெற்றோர் இருக்கும் குழுவுக்கோ அனுப்பட்டும். பிள்ளைகளின் படத்தைப் பெற்றோரைக் கேட்காமல் இணையத்தில் போடக் கூடாது. அடிப்பது, முட்டி போடவைப்பது, எல்லோர் முன்னாலும் பேர் சொல்லி அவமானப்படுத்துவது எதுவும் கூடாது. வாசிக்கத் தடுமாறும் பிள்ளையை எழுப்பி வசனம் வாசிக்கச் சொல்வதும் என் கணக்கில் அந்த அவமானத்தில்தான் சேரும்.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு விதியும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளைப் பூம்புகாருக்கோ தரங்கம்பாடிக் கடற்கரைக்கோ கூட்டிப்போனால் தண்ணீரில் இறங்க அனுமதி கிடையாது, கால் நனைக்கக்கூட. கொள்ளிடத்தில் மணல் அள்ளிய குழிகள் மேலிருந்து பார்த்தால் தெரியாது. நீச்சல் தெரிந்த பிள்ளைகள்தான் தைரியமாக இறங்கிப் போவார்கள் என்பதால் "எல்லாருக்கும் நீச்சல் தெரியும்" என்பது பதில் ஆகாது.

சட்டத்தைக் கமிட்டி உறுப்பினர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயது நிரம்பாத எல்லோரும் குழந்தைகள், ஆண் பெண் இருபாலரும். ஒரு பிள்ளையிடம் பாலியல் குற்றம் நடந்தது என்று தெரிய வந்தாலும், நடக்கக்கூடும் என்று அஞ்ச இடம் இருந்தாலும், காவல்துறைக்குச் சொல்ல வேண்டியது கட்டாயம். சொல்லாமல் விட்டவருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்த குற்றத்தைச் சொல்லாமல் விட்டால் ஒரு வருடம் வரை சிறையும் அபராதமும். சமய நிறுவனத்தின் நிர்வாகத்திலோ பணியிலோ இருப்பவர் அங்கே வரும் பிள்ளையிடம் இந்தக் குற்றத்தைச் செய்தால் சட்டம் அதைக் கூடுதல் கொடுமையான குற்றமாகவே பார்க்கிறது. ஆகவே "வெளியே தெரிந்தால் சபைக்குக் கெட்ட பேர், கமிட்டியில் வைத்துப் பேசி முடிப்போம்" என்ற வார்த்தைக்கு இடமே இல்லை. விசாரிப்பது நம் வேலை இல்லை. பிள்ளை சொன்னதை நம்ப வேண்டும், திரும்பத் திரும்பக் கேட்டுத் துளைக்காமல் இருக்க வேண்டும், உடனே தகவல் கொடுக்க வேண்டும். எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை. அந்தப் பிள்ளையின் பேரைக் கூட்டத்திலோ ஜெபக் குறிப்பிலோ சொல்லக் கூடாது. இந்தச் சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவனைப் பற்றி நம் ஆண்டவர் சொன்னதை, அவன் கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் அமிழ்த்துவது நலம் என்ற வசனத்தை, பிரசங்கத்தில் கேட்கிறோம். அதை விதியாக எழுதிவைக்கும் இடம் கமிட்டி.

விடுமுறைப் பள்ளிக்குக் கிறிஸ்தவர் அல்லாத வீட்டுப் பிள்ளைகளும் பாட்டுக்கும் விளையாட்டுக்கும் ஆசைப்பட்டு வருவார்கள். வரட்டும், சந்தோஷம். ஆனால் பெற்றோர் கையெழுத்து இல்லாமல் சேர்க்க வேண்டாம். என்ன சொல்லிக்கொடுக்கிறோம் என்பதை வீட்டுக்குப் போய் ஒளிவுமறைவில்லாமல் சொல்ல வேண்டும். நோட்டும் பென்சிலும் பிரியாணியும் காட்டிக் கூப்பிடக் கூடாது. அண்டை வீட்டாரின் நம்பிக்கை கெட்டால் அடுத்த வருடம் நம் பிள்ளைகளுக்குத்தான் ஊருக்குள் கஷ்டம்.

இனி, இருவரில் யார்? நான் இருவரையும் பார்த்ததில்லை. உங்கள் கடிதத்தை வைத்துத்தான் சொல்கிறேன். நானாக இருந்தால் அந்தச் சகோதரியை எடுப்பேன். பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கப் பயிற்சி பெற்றவர், பல வருடம் சம்பளம் இல்லாமலே இந்த வேலையைச் செய்தவர், வீடுகள் அவருக்குத் தெரியும், வீடுகளுக்கு அவரைத் தெரியும். இறையியலை அவர் இனிமேலும் படிக்கலாம். இறையியல் கல்லூரிகளுக்குப் பட்டம் வழங்கும் அமைப்பான செராம்பூர் செனட் தொலைநிலையில் நடத்தும் பட்டயப் படிப்பை வேலை பார்த்துக்கொண்டே படிக்க முடியும். (வங்காளத்தில் இருக்கும் செராம்பூரும் தரங்கம்பாடி மாதிரியே டேனியர் வசம் இருந்த ஊர், 1827-இல் டென்மார்க் அரசர் கொடுத்த சாசனம்தான் அங்குள்ள செராம்பூர் கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் உரிமையைத் தந்தது.) மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி தமிழிலேயே இறையியல் கற்பிக்கும் இடம்; அங்கே குறுகிய காலப் பயிற்சி ஏதாவது உண்டா என்று கேட்டுப் பாருங்கள். கட்டணத்தைச் சபை கட்டட்டும். மாதம் இரண்டு தடவை ஆயர் அவரோடு உட்கார்ந்து வேதபாடம் படிக்க வேண்டும் என்பதையும் ஆயரின் பொறுப்பாகவே எழுதுங்கள்.

ஆனால் என் பேச்சை மட்டும் கேட்டுத் தீர்மானிக்காதீர்கள். இருவருக்கும் ஒரே சோதனை வையுங்கள். முதலில் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு இருபது நிமிடம் ஒரு கதை. அதில் அவர் எவ்வளவு நன்றாக நடிக்கிறார் என்று பார்க்க வேண்டாம். பிள்ளை கேள்வி கேட்டால் நிறுத்திக் கேட்கிறாரா, பின்னால் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் பேரைக் கண்டுபிடிக்கிறாரா, குறும்பு செய்யும் பையனை எப்படி அடக்குகிறார் என்று பாருங்கள். அப்புறம் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களோடு ஒரு மணி நேரக் கூட்டம் நடத்தச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் இந்த இரண்டாவதுக்குத்தான் அதிக மதிப்பெண். கூட்டம் முடிந்து போகும்போது அந்தப் பிளஸ் டூ பெண், "அடுத்த வாரம் நானே எடுத்துப் பார்க்கிறேன்" என்று சொன்னால் உங்கள் ஊழியர் கிடைத்துவிட்டார். "அவர் சூப்பரா எடுக்கிறார், அவரே எடுக்கட்டும்" என்று சொன்னால், நாலு ஊரில் மூன்று ஊர் காலியாகப் போகிறது என்று அர்த்தம்.

அந்தத் தம்பியையும் கைவிட வேண்டாம். விசாரணையில் குறை எதுவும் இல்லை என்றால், 13 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பாட்டும் வேதபாடமும் எடுக்கும் பொறுப்பைப் பகுதிநேரமாகக் கொடுக்கலாம். அந்த வயதுப் பையன்கள்தான் திடப்படுத்தல் (வளர்ந்த பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தைச் சபை முன்னால் உறுதிசெய்யும் ஆராதனை) முடிந்த கையோடு கோயில் பக்கம் வராமல் போகிறவர்கள். அவர்களுக்கு ஒரு அண்ணன் தேவைப்படும்.

பெண்பிள்ளை எப்படிக் கிளைச்சபைக்குப் போகும் என்று கேட்டவருக்கு: தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்க், பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தவர். மறு வருடமே பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி தொடங்கினார்கள். உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் 300 வருடத்துக்கு முன்னால் அது நடந்தது. நடவுக்கும் அறுப்புக்கும் விடியாத இருட்டில் நடந்து போகும் பெண்களின் சபை உங்களுடையது. அந்தச் சகோதரி போய்வருவதில் சிரமம் இருந்தால் அது தீர்க்கக்கூடிய சிரமம்: பஸ் கட்டணமோ பெட்ரோல் செலவோ கொடுங்கள், இருட்டியபின் வீடு சந்திக்கும்போது கூட இன்னொரு ஆசிரியர் போகட்டும். இந்த ஏற்பாடு ஆண் ஊழியருக்கும் வேண்டியதுதான்.

சம்பளம். 8,000 ரூபாயில் முழுநேர ஊழியர் என்று எழுதாதீர்கள். அந்தத் தொகைதான் முடியும் என்றால் வாரத்துக்கு இத்தனை மணி நேரம், இன்ன இன்ன வேலை என்று பகுதிநேரமாக எழுதுங்கள், அதற்கு மேல் வேலை வாங்காதீர்கள். பாட்டும் கதையும் சொல்லச் சம்பளமா என்று கேட்டவர்களிடம் மேலே சொன்ன வார வேலையை வாசித்துக் காட்டுங்கள். ஆலயத்துக்கு டைல்ஸ் போடவும் மைக் செட் வாங்கவும் தனிக் காணிக்கை எடுக்கிறோம். அறுப்பின் பண்டிகைக் காணிக்கையில் ஒரு பங்கைச் சிறுவர் ஊழியத்துக்கு என்று ஒதுக்கக் கமிட்டியால் முடியும். பாடப் பொருள்களுக்கென்று தனியாக ஒரு சிறு தொகை வையுங்கள். கலர் பேப்பரும் பசையும் ஊழியர் தன் சம்பளத்தில் வாங்கும் நிலை வரக் கூடாது.

முதல் ஆறு மாதம் தற்காலிக நியமனம் என்று வையுங்கள். தை அறுவடைக்குப் பிறகு தொடங்கினால் மே விடுமுறைப் பள்ளி அதற்குள் வந்துவிடும், நாலு சபையின் ஆசிரியர்களையும் அவர் எப்படி நடத்துகிறார் என்று பார்த்துவிடலாம். ஆறு மாதம் முடிந்ததும் ஆயர், கமிட்டி, இரண்டு பெற்றோர், இரண்டு ஆசிரியர் உட்கார்ந்து பேசுங்கள். பெரிய பிள்ளைகளில் ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் கேட்டுப் பாருங்கள். அதற்கு முன்னால், பாதுகாப்பு விதிகளைக் கமிட்டியில் தீர்மானமாக நிறைவேற்றி எல்லோரும் கையெழுத்துப் போட்ட நகல் ஒன்றை ஒவ்வொரு சபையின் ஞாயிறு பள்ளி நடக்கும் இடத்திலும் ஒட்டிவிடுங்கள். வரைவை எனக்கு அனுப்பினால் படித்துப் பார்த்து எழுதுகிறேன்.